நியாயாசனம் பிதுரார்ஜிதமன்று

ஹேக் நகரத்துச் சர்வதேச நீதி ஸ்தலத்தில் ஒரு நியாயாதிபதியின் ஸ்தானம் காலியானால், விருதுநகர் ஜில்லாவாசிகளுக்கு அதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 2018 அக்டோபர் 23-ல் தில்லி சுப்ரீம் கோர்ட்டார் பட்டாசு பற்றி அளித்த தீர்ப்பு சிவகாசித் தொழிலாளியின் அடுப்பங்கரையை எட்டியதை அறிந்தவர்கள் அவ்வாறு கேளார். பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட குல்பூஷண் ஜாதவைத் தூக்கிலிடாதபடி 2017 மே 18-ல் உத்தரவிட்டது ஹேக் ஸ்தலமே. தூரத்து ஆசனத்தில் அமர்பவர் யார் என்பது நமக்கும் சொந்தக் காரியந்தான்.

அந்த ஸ்தலத்தின் நியாயாதிபதிகள் 15 பேர். தவணை 9 ஆண்டு. நடுவே ஒருவர் மரித்தாலோ ராஜிநாமாச் செய்தாலோ, புதியவர் எஞ்சிய காலத்திற்கே அமர்வார். ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையும் பாதுகாப்புச் சபையும் தனித்தனியே வாக்களித்து, இரண்டிலும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவேண்டும். வல்லரசுகளின் வீட்டோ இங்கே செல்லாது. காலியான இடம் இன்ன தேசத்தாருக்கே உரியதென்று சட்டத்தில் ஓரெழுத்தும் இல்லை.

சரித்திரமும் அதையே சொல்லுகிறது. நமது அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகராயிருந்த ஸர் பெனகல் நரசிங்க ராவ் 1953-ல் அந்த ஸ்தானத்திலிருக்கும்போதே காலமானார். 1954-ல் அவ்விடம் பாகிஸ்தானின் ஸர் ஜாபருல்லா கானுக்குப் போயிற்று. ஜோர்டான் தேசத்து அல்-கஸாவ்னே தம் நாட்டின் பிரதம மந்திரியாகி விட்டுச்சென்ற இடத்திற்கு 2012 ஏப்ரலில் நமது தல்வீர் பண்டாரி தேர்ந்தெடுக்கப்பட்டார். இழந்ததற்கு வருந்துவோர் பெற்றதையும் கணக்கில் வைக்கட்டும்.

வழக்கத்தையே உரிமையாக எண்ணியிருந்தது பிரிட்டன். 2017-ல் தவணை முடியுமுன் நடந்த தேர்தலில் பொதுச் சபை பண்டாரியை ஆதரிக்க, பாதுகாப்புச் சபையின் பெரும்பான்மையோர் பிரிட்டனின் ஸர் கிரிஸ்டோபர் கிரீன்வுட்டைப் பற்றி நின்றனர். பன்முறை வாக்கெடுத்தும் முடிவில்லை. நவம்பர் 20-ல் பிரிட்டன் விலகிற்று. பண்டாரிக்குப் பொதுச் சபையில் 183 வாக்குகளும் பாதுகாப்புச் சபையில் 15 வாக்குகளும் கிடைத்தன. 1946-க்குப் பின் முதன்முறையாகப் பிரிட்டிஷ் நியாயாதிபதி இல்லாத ஸ்தலம் அமைந்தது. நம்மவர் மகிழ்ந்தனர்; மகிழ்ந்தது நியாயமே.

ஆனால், பிறருடைய பிதுரார்ஜித பாத்தியதையை மறுத்த நாம், நமக்கென்று ஒன்றைக் கோரலாகாது. ஒவ்வொரு முறையும் யோக்கியதையால் வெல்லக்கூடியவரையே நிறுத்தவேண்டும். அபேட்சகர்களைக் குறிப்பிடுவது சர்க்கார் அல்ல, சட்ட நிபுணர்களடங்கிய தேசியக் குழுவே என்று ஸ்தலத்தின் சட்டம் விதிக்கிறது. உயர்ந்த நீதிமன்றத்தையும் சட்டக் கல்வி நிலையங்களையும் கலந்துகொள்ளுமாறு அக்குழுவுக்குச் சிபார்சும் செய்கிறது. அந்த ஆலோசனை மூடிய அறையில் சடங்காக முடியாது பகிரங்கமாக நடக்கவேண்டும். யாரைக் கலந்தனர், எதனால் தேர்ந்தனர் என்பதைத் தேசம் அறியட்டும். சர்க்காரின் தயவால் அமர்ந்தவர் என்ற சந்தேகம் எழுமாயின், அவர் நமக்கு அனுகூலமாக எழுதும் நேர்மையான தீர்ப்பையும் உலகம் மதியாது.