விடியற்காலைப் படிப்பும் விருப்பக் குறியும்

தில்லிக் குளிரில் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து படிப்பதென்றால் சாமானியமன்று. ஆனால் எழுந்தவுடன் மேசை விளக்கையும் தேநீர்க் குவளையையும் திறந்த புத்தகத்தையும் படம் பிடித்து, இன்ஸ்டாகிராமில் ஏற்றி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று 6 மணி வரை எண்ணிக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர்? படிப்பு என்று சொல்ல என் நாக் கூசுகிறது. நம் விடுதிகளில் இன்று நடப்பது இதுதான், நண்பர்களே!

நாலு பேர் மெச்ச வேண்டுமென்ற ஆசை குற்றமன்று. இக்கட்டுரையைக்கூட நீங்கள் பாராட்ட மாட்டீர்களா என்ற சபலத்தோடுதான் எழுதுகிறேன்! ஆனால், 2009-ஆம் ஆண்டில் முகநூல் விருப்பப் பொத்தானை வைத்த பிறகு பாராட்டுக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. யார் மெச்சினார் என்பது போய், எத்தனை பேர் என்பதே பேச்சாயிற்று.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலறிஞர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை நம்மிற் பலர் அறிவோம். ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து 1957-இல் அவற்றைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். கொத்துந்தோறும் தீனி பெற்ற புறாவைவிட, எந்தக் கொத்துக்குத் தீனி விழுமென்று தெரியாத புறாவே ஓயாமல் கொத்திற்று. நேற்று 80 விருப்பக் குறி, இன்று 11, நாளை எத்தனையோ! நொடிக்கொரு தரம் கைப்பேசியைத் தடவும் நமக்கும் அந்தப் புறாவுக்கும் என்ன வேற்றுமை?

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் என் வருத்தம் வேறொன்று. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தோற்ற சோதனையையும் எழுதுகிறோம். அந்தப் பக்கத்தைக் கிழிக்க நமக்கு உரிமையில்லை. கைப்பேசிக் குறிப்பேட்டிலோ எழுந்த நாள் உண்டு, தூங்கிய நாள் இல்லை. ஓடிய 5 கிலோமீட்டர் உண்டு, முழங்கால் வலித்துப் பாதியில் திரும்பியது இல்லை. ஊரைவிட்டு வந்து, இந்தி புரியாமல், மெஸ் ரொட்டி இறங்காமல் தவிக்கும் முதலாண்டு மாணவன் இதையெல்லாம் பார்த்து, உலகத்தில் தான் ஒருவனே சோம்பேறி என்று முடிவு கட்டுகிறான். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021-இலேயே எல்லோருக்கும் தந்துவிட்டது. நான் விசாரித்த நண்பர்கள் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

எழுந்தாயா, சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் அம்மா இருந்தாள். இங்கே கேட்பாரில்லை, ஆகவே கேளாதவர்க்கெல்லாம் சொல்லுகிறோம். நம் தமிழ் மன்றம் எதற்கு இருக்கிறது? பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டுந்தானா? காலை 5.30 மணிக்குப் பத்துப் பேர் விடுதியின் பொது அறையில் கூடிப் படிப்போம். வராதவன் கதவைத் தட்டி, “என்னப்பா, உடம்புக்கு என்ன?” என்று விசாரிப்போம். படம் எடுக்க வேண்டாம். செயலாளர் இசைந்தால் வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம். எழுப்பிவிடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.