பிடிலைப் பூட்டி வைக்கலாமா?

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது எது? தொலைக்காட்சி என்பீர்கள். இல்லை, பாட்டு வகுப்பு! ஐந்தாறு ஆண்டுகள் ஆசையாய்க் கற்ற இசை, “பரீட்சை முடியட்டும்” என்ற ஒரே சொல்லில் பரண்மேல் ஏறிவிடுகிறது. பரீட்சை முடிந்த பின்னும் அது இறங்கி வருவது அரிது. இது முறைதானா என்று கேட்கவே இக்கட்டுரை.

அரியலூரில் ரயில் ஏறினால், கல்லக்குடி, புள்ளம்பாடி தாண்டியதும் லால்குடி. அவ்வூர்ப் பெயரை உலகறியச் செய்தது ஒரு வயலின். 1930-இல் பிறந்த லால்குடி ஜெயராமன், தம் தந்தை வி. ஆர். கோபால ஐயரிடமே பயின்று 12-ஆம் வயதில் மேடை ஏறினார். நம் பள்ளியில் அது ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வயது! அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, மதுரை மணி ஐயர் போன்ற பெருமக்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். பாடுபவர் அடுத்து என்ன பாடுவார் என்று தெரியாமலே, கேட்ட நொடியில் வில்லால் அதைச் சொல்லிக்காட்ட வேண்டும். அந்தக் கவனமே அவரைத் தனிக் கச்சேரிக்கு உயர்த்தியது என்பது எங்கள் எண்ணம். 1965-இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பில் வியந்த யெஹூதி மெனுஹின், ஓர் இத்தாலிய வயலினை அவருக்குப் பரிசளித்தார். 1972-இல் பத்மஸ்ரீ, 2001-இல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. 2013-இல் அவர் மறைந்தார்.

“அது மேல்நாட்டுக் கருவிதானே, நமக்கு எதற்கு?” என்பார் சிலர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். மேல்நாட்டில் நின்று வாசிப்பதை நாம் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலக்காலில் தாங்கி வாசிக்கிறோம். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழரானார் அல்லவா? வயலினும் அப்படியே நம்முடையதாயிற்று.

“ஆண்பிள்ளைக்குச் சரி, பெண்ணுக்குப் பிழைப்பாகுமா?” என்பது அடுத்த கேள்வி. லால்குடியாரின் தங்கை ஸ்ரீமதி பிரம்மானந்தம் அவரோடு அமர்ந்து வயலின் வாசித்தவர். டி. என். கிருஷ்ணனின் தங்கை என். ராஜம் இந்துஸ்தானி இசையில் புகழ்பெற்று, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2016-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற அ. கன்யாகுமரி, அப்பட்டம் பெற்ற முதல் பெண் வயலின் கலைஞர். ஹங்கேரியின் புடாபெஸ்டில் பிறந்த யெல்லி தரான்யி என்ற பெண்மணிக்காகவே, ராவெல் என்னும் பிரெஞ்சு இசைமேதை 1924-இல் ஓர் இசைப்படைப்பை எழுதினார். இவர்களைப் பெற்றோர் நடுவழியில் நிறுத்தியிருந்தால் இழப்பு யாருக்கு?

இசை கற்றால் கணக்கில் நூறு வரும் என்று நாங்கள் வாக்களிக்கவில்லை. எல்லாரும் மேடை ஏறுவோம் என்றும் சொல்லவில்லை. ஆனால் வயலினில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் நாள்தோறும் செய்தால் வளரும். ஓராண்டு விட்டால் விரல் மறந்துவிடும். பாடப் புத்தகத்தை மறுபடி திறந்து படிக்கலாம். மறந்த விரலுக்கு மறுபடி சொல்லித்தர, பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை. மேல்நிலை வகுப்பு, கல்லூரி, கல்யாணம் என்று காரணங்கள்தாம் வரிசையாய் வரும்.

நாங்கள் கேட்பது பெரிதன்று. பெற்றோரே, நாளுக்கு அரைமணி நேரம் தாருங்கள். அதைப் படிப்பு நேரத்திலிருந்து அல்ல, எங்கள் அரட்டை நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, பத்தாம் வகுப்புக் கால அட்டவணையிலும் வாரம் ஒரு பாட்டு வகுப்பை விட்டுவையுங்கள். தோழியரே, அந்த அரைமணியை வீணாக்காமல் வாசித்துக் காட்டுவது நம் கடமை. பரீட்சைக்கு நாம் தயார். பிடிலை மட்டும் பூட்ட வேண்டாம்!