கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், திரையில் ஒரு எண் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். சாஃப்ட்வேர் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நானும் அப்படி நம்பி, தேவையில்லாத பெரிய ஏ.சி. ஒன்றை வாங்க இருந்தேன்.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில். இங்கு பெரும்பாலான வீடுகளில் அறைக்கு ஒரு ஏ.சி. கிடையாது, வீடு முழுவதற்கும் சென்ட்ரல் ஏ.சி.தான். வெளியே கம்ப்ரசர் உள்ள யூனிட், உள்ளே ஒரு காயில். அங்கிருந்து பெரிய குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் குளிர்காற்று போகும். நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் இருந்தது ஆர்-22 வாயுவில் ஓடும் மெஷின். இந்த வாயுவைப் புதிதாகத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் தடை. காயிலில் கசிவு வேறு. எனவே முழுவதையும் மாற்ற முடிவு செய்தோம்.

விலை சொல்ல வந்தவர் லேப்டாப்பைத் திறந்தார். ஒரு வீட்டுக்கு எத்தனை டன் தேவை என்று கணக்கிட இங்கு 'மேனுவல் ஜே' என்ற முறை உண்டு. அதற்கான சாஃப்ட்வேரில் சில விவரங்களை டைப் செய்தார். பழைய ஏ.சி. மூன்றரை டன், புதியதற்கு நான்கு டன் என்று விடை வந்தது. "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, பாருங்கள்" என்றார். நானும் தலையாட்டினேன்.

இரவு அவர் தந்த பிரிண்ட் அவுட்டைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஹூஸ்டனுக்கு வெளி வெப்பநிலை சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட் என்று கொடுப்பது வழக்கம். அவர் கொடுத்திருந்தது 105. எங்கள் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி என்று இருந்தன. நான்கு பேர் உள்ள வீட்டில் எட்டுப் பேர்! சரியான விவரங்களைக் கொடுத்து வேறொருவரிடம் கணக்குப் போட்டேன். மூன்று டன் போதும் என்று வந்தது.

"பெரிதாக இருந்தால் நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. வெப்பத்தை வெளியேற்றும் திறன். தேவைக்கு மேல் திறன் இருந்தால் வீடு சீக்கிரம் குளிர்ந்து ஏ.சி. நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அது தொடர்ந்து ஓட வேண்டும். ஹூஸ்டன் கடலோரம் போலப் புழுக்கமான ஊர். ஈரம் தங்கினால் சுவரில் பூஞ்சை வரும். ஆஸ்துமா உள்ள என் அம்மா எங்களுடன்தான் இருக்கிறார். பெரிய ஏ.சி.க்குக் கூடுதல் பணமும் கொடுத்து, அவருக்கு மூச்சிரைப்பையும் வாங்கித் தந்திருப்பேன்.

இதில் கம்ப்யூட்டர் மீது குற்றமில்லை. கொடுத்த எண்களை அது சரியாகவே கூட்டிப் பெருக்கியது. குப்பையை உள்ளே போட்டால் குப்பைதான் வெளியே வரும். கணக்குப் போட்டுத் தருபவர், விடையோடு தான் கொடுத்த விவரங்களையும் வாடிக்கையாளரிடம் தர வேண்டும் என்பது என் கருத்து. தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஏ.சி. மட்டுமல்ல, வீட்டுக் கடன் தவணையோ, இன்வெர்ட்டர் பேட்டரியோ, நீங்களே எக்ஸெலில் போடும் மாத பட்ஜெட்டோ எதுவானாலும், முதலில் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். விடையைப் பிறகு நம்பலாம்.