சுவரைப் பூசுமுன் மண்ணைப் பாருங்கள்

குமாரலிங்கபுரத்தில் கரிசலில் வீடு கட்டிக் குடியிருக்கும் நாங்கள் சிலர், ஊராருக்கு வைக்கும் வேண்டுகோள் இது. சித்திரையில் விரல் நுழையும்படி வெடித்துக் கிடக்கும் நம் மண், ஐப்பசி மழையில் வெடித்த தடமே தெரியாமல் மூடிக்கொள்கிறது. ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் களி அது. மேலே நிற்கிற அஸ்திவாரமும் அதோடு ஏறி இறங்குகிறது. வீடு முழுக்க ஒரே அளவில் ஏறி இறங்கினால் பெரிய சேதமில்லை. குளியலறைப் பக்கம் எந்நேரமும் சொதசொதவென்றும், எதிர்மூலை கட்டாந்தரையாகவும் இருந்தால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடுகிறது, கதவு நிலையில் பிடிக்கிறது. எல்லாப் பழியையும் கொத்தனார்மேல் போடுவது நியாயமில்லை.

கோடையில் அகன்ற கீறலில் சிமெண்டை இறுக அடைக்கிறோம். மழைக்கு மண் உப்பிச் சுவர் பழைய இடத்துக்குத் திரும்பும்போது அந்தச் சிமெண்டே ஆப்பாக நின்று பக்கத்தில் புதுக் கீறலைத் திறக்கிறது. பூச்சுக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள். சுவரைச் சுற்றி மூன்றடிக்கு, வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். மாடித் தண்ணீர் சுவரடியில் கொட்டாதபடி குழாயை நீட்டி விடுங்கள். சுவரோரம் முளைக்கும் சீமைக்கருவேலையும் வேம்பையும் கன்றிலேயே பிடுங்குங்கள். வளர்ந்த மரத்தை மட்டும் ஒரேயடியாகச் சாய்க்காதீர்கள், அது உறிஞ்சிய ஈரம் மண்ணிலேயே தங்கித் தரையைத் தூக்கும்.

தாத்தா கட்டிய மண்சுவர் வீடு நிற்கவில்லையா என்று கேட்பார்கள். மண்சுவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கூரையும் கனமில்லை, ஆண்டுதோறும் மெழுகிச் சரிசெய்தார்கள். குடத்தில் சுமந்த தண்ணீரைச் சுவரடியில் யாரும் வீணே கொட்டவில்லை. இன்றைய கான்கிரீட் வீடு விறைப்பானது; குழாயோ வாசலுக்கே வந்துவிட்டது. கரிசலுக்கென்று ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த, அடியில் குடம்போல் விரிந்த கான்கிரீட் தூண்கள் களி ஆழமாக உள்ள இடத்தில் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. புதிதாகக் கட்டுவோர் பொறியாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். செலவு என்பது அடுத்த தயக்கம். கட்டி முடித்த வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பலப்படுத்தும் செலவுக்கு முன்னால், ஒரு நீளக் குழாயும் சில சட்டிக் கலவையும் எம்மாத்திரம்?

ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. அடைபட்ட வாறுகாலில் தேங்கும் தண்ணீர் யார் வீட்டுச் சுவரடி என்று பார்ப்பதில்லை. அடைமழைக்கு முன் வருவது அக்டோபர் 2 கிராம சபை. தெருவாரியாக வாறுகால் அடைப்புகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்தே தீர்மானம் கேட்போம்.