அவனுக்கு மட்டையா, பயணமா? அவளுக்கு?



சென்னை நந்தனத்தில் கோல்ஃப் ஆடும் செல்வந்தர் வீடுகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு. வருகிற பிறந்தநாளுக்குப் புதிய கோல்ஃப் மட்டைகளை வாங்குவதா, அல்லது கொடைக்கானலுக்குச் சென்று நான்கு நாட்கள் அங்குள்ள மைதானத்தில் ஆடிவிட்டு வருவதா? காஞ்சிபுரத்தில் கோல்ஃப் மட்டையைப் பிடித்த எவரையும் நாம் கண்டதில்லை. ஆயினும் அந்தக் கேள்வி நம் ஒலிமுகமதுபேட்டை வரை வந்து சேர்ந்துவிட்டது. கோல்ஃபுக்குப் பதிலாகக் கிரிக்கெட், அவ்வளவுதான் வேறுபாடு.

பிறந்தநாள் கொண்டாடுவது மார்க்கத்தில் ஆகுமா என்ற விவாதத்தை இங்கே நாம் திறக்கப் போவதில்லை. அதை பித்அத் என்று விலக்கி, கேக் வெட்டாமல் இருக்கும் வீடுகளிலும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு தேறினால், குர்ஆனை ஓதி முடித்தால், அன்பளிப்பு உண்டு. நாம் பேசுவது அந்த அன்பளிப்பைப் பற்றித்தான். யாரிடம் கேட்டுக் கொடுக்கிறோம், யாரிடம் கேளாமலே கொடுக்கிறோம் என்பதைப் பற்றி.

நம் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறோம். மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்தபோது வீடே ஒரு வாரம் ஆலோசனை மன்றமாயிற்று. ஆங்கில வில்லோ மரத்தில் செய்த மட்டை வாங்கினால் பத்து ஆண்டுகள் நிற்கும் என்றார் மாமா. மட்டை உடையும், நண்பர்களோடு போன பயணம் உடையாது என்றார் பெரியம்மா. அத்தாவும் மகனும் இரண்டு கடைகளுக்குப் போய் மட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவன் மூன்று முறை மனம் மாறினான். மூன்று முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டோம். முடிவில் மட்டையே வென்றது.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் மகளுக்குப் பத்தொன்பது நிறைந்திருந்தது. அதற்கு ஆலோசனை எதுவும் நடக்கவில்லை. காந்தி சாலைக்குப் போனோம், ஒரு பட்டுச்சேலை எடுத்தோம். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் வர, தறியில் இருவர் அமர்ந்து கோர்வை போட்டு நெய்தது. விலை மட்டையைப் போல் மூன்று மடங்கு. அவள் ஒருமுறை தோளில் போட்டுப் பார்த்தாள், நன்றாயிருக்கிறது என்றாள். பிறகு அது அட்டைப் பெட்டியோடு பீரோவுக்குள் போயிற்று. கல்யாணத்துக்கு ஆகும் என்றோம். பீரோவின் சாவி அவளிடம் இல்லை.

பிள்ளையார்பாளையத்து நெசவாளியின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது; ஊரின் அடுப்பு அதனால் எரிகிறது. விரும்பிக் கேட்கும் பெண்ணுக்கு மகிழ்ச்சியோடு வாங்கிக் கொடுங்கள். ஆனால் பட்டு நகரத்தில் வாழ்வதன் சங்கடம் ஒன்று உண்டு. பட்டும் பொன்னும் நம் மார்க்கத்தில் ஆண்களுக்கு விலக்கப்பட்டவை, பெண்களுக்கு ஆகுமானவை. எனவே பெண்ணுக்கு என்ன தருவது என்ற கேள்விக்கு, கேள்வி பிறக்கும் முன்பே கடைவீதி விடை வைத்திருக்கிறது. நாமும் யோசிக்கும் சிரமம் தீர்ந்தது என்று பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம்.

“மகளுக்கல்லவா அதிகம் செலவழித்தீர்கள்? இதில் என்ன அநீதி?” என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் நம்மை அப்படித்தான் தேற்றிக்கொண்டோம். இந்தச் சமாதானத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்பளிப்பு என்பதற்கு நம் ஃபிக்ஹில் ஹிபா என்று பெயர். கொடுப்பவர் கொடுத்தேன் என்று அறிவிக்க வேண்டும். பெறுபவர் ஏற்க வேண்டும். பொருள் பெற்றவரின் கைக்கு வர வேண்டும். இந்திய நீதிமன்றங்களும் முஸ்லிம்களின் அன்பளிப்பு வழக்குகளில் இம்மூன்றையே தேடுகின்றன. மட்டை மறுநாள் காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டது. சேலை எவர் கையில் இருக்கிறது? எந்த நாளில் அவள் அதை உடுத்த வேண்டும், எவர் முன்னிலையில் உடுத்த வேண்டும் என்பதையெல்லாம் நாமே தீர்மானித்து வைத்திருக்கிறோம். கல்யாணச் செலவில் ஒரு பங்கை முன்கூட்டியே முடித்துவிட்டு, அதன்மேல் பிறந்தநாள் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அது சேமிப்பு. அதை அன்பளிப்புக் கணக்கில் ஏற்றக் கூடாது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவருடைய தந்தை பஷீர் (ரலி) அவருக்கு ஓர் அன்பளிப்பைக் கொடுத்தார். தாய் அம்ரா பின்த் ரவாஹா (ரலி), நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கும் வரை தாம் இதற்கு இசையப் போவதில்லை என்றார். தந்தை சென்றார். உம்முடைய மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சி, பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு ஏவினார்கள். பஷீர் திரும்பி வந்து கொடுத்ததை மீட்டுக்கொண்டார். ஜும்ஆ பயான்களில் இந்நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். வீடு, மனை, நகை என்று பெரிய சொத்துகளுக்கே அதைப் பொருத்திப் பார்த்துப் பழகிவிட்டோம். கருத்துக் கேட்பதும் ஒரு கொடைதான். அதை மகனுக்கு ஒரு வாரம் கொடுத்தோம். மகளுக்கு ஒரு நிமிடமும் கொடுக்கவில்லை.

அடுத்த ஆட்சேபம் ஆயத்தமாகவே இருக்கிறது. பெண்பிள்ளைக்கு விளையாட்டும் ஊர்சுற்றலும் எதற்கு?

பயணத்தின் நடுவே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், அன்னையார் வென்றார்கள். காலம் கடந்து மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்றார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. பயணம் புறப்படும்போது எந்த மனைவியை அழைத்துச் செல்வது என்று சீட்டுக் குலுக்கினார்கள். நாம் இந்தக் காலத்தில் சீட்டே போடுவதில்லை. பெண்களின் பெயர்கள் சீட்டில் எழுதப்படுவதே இல்லை. மஹ்ரம் துணை வேண்டும் என்கிறீர்களா? துணைக்குத்தானே அத்தாவும் அண்ணன் தம்பிகளும் இருக்கிறோம். கூடப் போவதற்கு நமக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு மார்க்கச் சட்டத்தின் போர்வையைப் போர்த்துவது பெரும் பிழை.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றபோது, அவருக்கு வயது பதினேழு. தந்தை ஆட்டோ ஓட்டுநர். நம் சமூகத்து வாட்ஸ்அப் குழுக்களில் மாஷா அல்லாஹ் மழையாகப் பொழிந்தது, நாமும் அனுப்பினோம். அந்தத் தந்தை மகளுக்குக் கேரம் பலகையையும் கொடுத்தார், கடல் கடந்த பயணத்துக்கும் விடைகொடுத்தார். இரண்டில் ஒன்று என்ற கேள்வியே அவ்வீட்டில் இல்லை. வாழ்த்துச் செய்தியை அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்தபோது, நம் மகள் ஒன்பதாம் வகுப்பில் இறகுப்பந்தில் பள்ளிக்காக ஆடியது நம் இருவரில் எவருக்கும் நினைவு வரவில்லை. வெளியூர்ப் போட்டி என்று வந்ததும் நாம்தாம் நிறுத்தினோம். அவளுடைய பழைய ராக்கெட் எங்கே போயிற்று என்பதும் தெரியவில்லை.

சென்ற வாரம் அவளிடம் கேட்டோம், மிகத் தாமதமாக. ராக்கெட்டா, பயணமா? முதலில் சிரித்தாள். சேலைதான் இருக்கிறதே என்றாள். அந்தப் பதிலில் எவ்விதக் குத்தலும் இல்லை, அதுதான் நமக்குத் தாங்கவில்லை. மீண்டும் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் தம்பி உடனே இரண்டு ராக்கெட்டுகளின் பெயர்களைச் சொல்லிக் குறுக்கிட்டான். அவனை வாயை மூடச் சொன்னோம்.

பஷீர் (ரலி) அவர்கள் கொடுத்ததை மீட்டுக்கொண்டார்கள். மட்டையை நாம் மீட்கப் போவதில்லை. அதன் விளிம்பு ஏற்கெனவே பெயர்ந்துவிட்டது. பீரோவின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டோம். அவள் என்ன சொல்வாள் என்று காத்திருக்கிறோம். ஒரு வாரமோ, அவன் எடுத்துக்கொண்டதைவிட அதிகமோ, எடுத்துக்கொள்ளட்டும்.