எல்லாம் அண்ணாமலையார் பாத்துப்பார்!

பெரு நாட்டுக்கு டூர் போவது நம் நடுத்தர வர்க்கத்தில் மெல்லத் தலைகாட்டும் புது ஆசை. சிங்கப்பூரும் மலேசியாவும் அலுத்துவிட்டன. சுவிட்சர்லாந்தை சினிமாப் பாட்டிலேயே சுற்றிப் பார்த்தாயிற்று. இன்கா மன்னர்களின் இடிந்த நகரம், ஆண்டிஸ் மலைச் சிகரங்கள், அமேசான் மழைக்காடு... மூன்றும் ஒரே நாட்டில், ஒரே பயணத்தில் கிடைக்கின்றன என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? போகட்டும். சம்பாதிக்கிறார்கள், செலவு செய்கிறார்கள்.

என் கவனம் அந்தப் பயணத்துக்கு அவர்கள் போடும் திட்டத்தின் மேல்தான்.

ஆறு மாதம் முன்னாலேயே வேலை ஆரம்பித்துவிடும். முதலில் மச்சு பிச்சு டிக்கெட். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பாதை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் டிக்கெட்டில் இருக்கும். மாமா வரவில்லை, அவருக்குப் பதில் மச்சான் வருகிறார் என்ற கதையெல்லாம் நடக்காது. 2024-லிருந்து ஒரு நாளைக்கு 4,500 பேர், கூட்டம் அதிகமுள்ள நாட்களில் மட்டும் 5,600 பேர். அதற்கு மேல் ஆள் கிடையாது. பழைய இன்கா பாதையில் நடந்தே போகிறேன் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். வழிகாட்டி, சுமை தூக்குபவர், சமையல்காரர் எல்லோரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான். பிப்ரவரி மாதம் முழுக்கப் பாதைக்குப் பூட்டு. மழைக்காலம், பழுது பார்க்க வேண்டும், வராதே என்கிறார்கள்.

அடுத்து உடம்பு. குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கின உடனே ஊர் சுற்றினால் மூச்சு வாங்கும், தலை வெடிக்கும். இரண்டு நாள் சும்மா படுத்திருக்க வேண்டும் என்று நம்மவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மழைக்காட்டுக்குப் போவதற்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஊசி போட்டு பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்றால், சரி. போன பாதையில் திரும்பி வரக் கூடாது என்றால், சரி. எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி!

இப்போது அதே குடும்பம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிளம்புவதைப் பாருங்கள்.

"சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சதும் கிளம்பிடலாம்."

"ரூம்?"

"ரூம் எதுக்கு? சுத்திட்டு விடியறதுக்குள்ள வந்துடலாம்."

"பாட்டிக்கு முட்டி வலி இருக்கே, 14 கிலோமீட்டர் நடப்பாங்களா?"

"எல்லாம் அண்ணாமலையார் பாத்துப்பார்!"

இதுதான் திட்டம். முழுத் திட்டமும் இவ்வளவுதான்.

மச்சு பிச்சுவில் ஒரு வருடம் முழுக்க நுழைகிற கூட்டம் திருவண்ணாமலைக்கு ஒரே ஒரு தீபத் திருநாளில் வந்துவிடுகிறது. சித்ரா பௌர்ணமியும் லட்சக் கணக்குதான். இப்போது ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் மாதாமாதம் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. மறுநாள் பேப்பரில் எத்தனை லட்சம் பேர் வந்தார்கள், எத்தனை சிறப்பு பஸ் ஓடியது என்று பெருமையாகச் செய்தி வரும்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த இடத்தில்தான் உறுத்துகிறது. செலவு செய்த பிறகு எழுதுவது கணக்கு. செலவுக்கு முன்னால் எழுதுவது பட்ஜெட். வருகிற பக்தர்கள் விஷயத்தில் நாம் கணக்கு மட்டும் எழுதுகிறோம். இந்த ஊரின் சாலை, கழிப்பறை, குடிநீர், ஆம்புலன்ஸ் வழி இத்தனை பேரைத்தான் தாங்கும் என்று முன்கூட்டியே யாராவது ஒரு எண் சொல்லி, அந்த எண்ணோடு நிறுத்தி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? எந்த பெட்டிக்கடைக்காரரும் இப்படி வியாபாரம் செய்ய மாட்டார்.

எண்ண முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். எண்ணியிருக்கிறோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 மாலை, அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். நிபுணர்கள் வந்து மலையின் மண்ணைப் பரிசோதித்தார்கள். டிசம்பர் 13 அன்று தீபம். வழக்கமாக அன்றைக்கு மலை ஏற 2,500 பேருக்கு அனுமதி உண்டு. அந்த வருடம் பக்தர்கள் யாரும் ஏற வேண்டாம் என்று அரசு சொல்லிவிட்டது. தீபம் ஏற்றும் பணியில் இருந்தவர்கள் மட்டும் போனார்கள். தீபம் எரிந்தது. ஆகாயம் இடிந்து விழவில்லை. அண்ணாமலையார் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

ஆக, 2,500 என்றும் எண்ணத் தெரிகிறது, பூஜ்யம் என்றும் எண்ணத் தெரிகிறது. ஆனால் மலை மேலே எண்ணியதைக் கீழே 14 கிலோமீட்டர் பாதையில் எண்ண மாட்டோம். மலைக்குக் கூட இந்தக் கண்டிப்பு வருவதற்கு ஏழு உயிர் போகவேண்டியிருந்தது.

"ஆக்கிரமிச்சு வீடு கட்டினா இப்படித்தான் ஆகும்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைச்சரிவில் யாரும் காற்று வாங்குவதற்காகக் குடிபோவதில்லை. கீழே ஊருக்குள் நிலத்தின் விலை ஏறிவிட்டது. ஏன் ஏறியது? நீங்களும் நானும் மாதாமாதம் போவதால் ஏறியது. கிரிவலப் பாதையின் ஓரமெல்லாம் விடுதியும் ஓட்டலும் அபார்ட்மென்டும் முளைத்தால், அந்த ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் எங்கே குடியிருப்பார்? சரிவில் இருக்கிற வீட்டுக்கு மின் இணைப்பு இருக்கிறதென்றால் அதைக் கொடுத்தது யார்? ஓட்டு கேட்டு அந்தத் தெருவுக்குப் போனது யார்? குற்றப்பத்திரிகையில் முதல் பெயராக ஏழையின் பெயரை எழுதாதீர்கள்.

இந்த விஷயத்தில் இன்காக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. மச்சு பிச்சுவும் மழை கொட்டுகிற, மண் சரிகிற மலைதான். 15-ஆம் நூற்றாண்டில் அங்கே நகரம் கட்டியவர்கள் முதலில் யோசித்தது தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதைத்தான். படிப்படியாக அடுக்குத் தளங்கள், அவற்றுக்கு அடியில் கல், சரளை, மணல், நகரம் முழுக்க வடிகால். அதை ஆராய்ந்த நீர்ப் பொறியாளர்கள், உழைப்பில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதனால்தான் ஐந்நூறு வருடமாக நிற்கிறது. நாம் அண்ணாமலையிலிருந்து இறங்கும் ஓடைக்கு நடுவில் சுவர் எழுப்பிவிட்டு, மழை வந்தால் மலையைக் குறை சொல்கிறோம்.

பெருவில் எல்லாம் பிரமாதம் என்று நான் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. ஆன்லைன் டிக்கெட் விற்பனையை ஒரு தனியார் கம்பெனியிடம் கொடுத்ததை எதிர்த்து 2024 ஜனவரியில் உள்ளூர்க்காரர்கள் ரயிலை மறித்தார்கள். டூரிஸ்டுகள் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். எண்ணிக்கை வைத்தால் அதை வைத்துப் பணம் பண்ண ஒரு கூட்டம் வரும். நம் ஊரில் கேட்கவே வேண்டாம். ஆகவே நான் கேட்கும் எண்ணிக்கையில் பைசா இருக்கக் கூடாது. இலவசப் பதிவு. சிறப்புப் பதிவு, வி.ஐ.பி. பதிவு என்று எதுவும் கூடாது. உள்ளூர்க்காரருக்குப் பதிவே வேண்டாம்.

"சாமி கும்பிட ரிஜிஸ்டர் பண்ணணுமா? இதென்ன வெள்ளைக்காரன் நாடா?" என்று சிலர் பொங்குவார்கள். சாமி ஐயப்பன் எந்த நாட்டுக்காரர்? 2011 ஜனவரியில் புல்மேட்டில் நெரிசலில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. இன்று சபரிமலைக்குப் போகிறவர் ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் இருமுடி கட்டுகிறார். திருப்பதியில் நேரம் போட்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். அமர்நாத்துக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்கள். அங்கெல்லாம் பக்தி குறைந்துவிட்டதா என்ன?

சரி, வெளி உதாரணமே வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

பெங்களூர் போகிற வழியில் செங்கம் இருக்கிறது. அதுதான் சங்ககாலத்து நன்னனின் தலைநகர் என்கிறார்கள். அவனைப் பாடியது பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் எழுதியது, 583 அடி. பள்ளிக்கூடத்தில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கிய நூல். அது என்ன நூல் தெரியுமா? ஒரு பயண வழிகாட்டி! நன்னனைப் பார்த்துப் பரிசு வாங்கிவந்த கூத்தன் ஒருவன், இனிமேல் போகப்போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிறான். மலை, காடு, ஆறு, கடைசியில் கோட்டை. பெரு டூர் விளம்பரத்தில் இருக்கிற அதே பட்டியல்!

அவன் வெறுமனே "போங்கப்பா, நன்னன் பாத்துப்பான்" என்று அனுப்பிவைக்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், பார்த்துப் போ என்கிறான். பாம்பு இருக்கும் குழி இருக்கிறது, ஜாக்கிரதை என்கிறான். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள் என்கிறான். சுனைக்கரை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொண்டு நட என்கிறான். ராத்திரியில் நடக்காதே, குகையில் தங்கு என்கிறான். வழி பிரிகிற இடத்தில் புல்லை முடிச்சுப் போட்டு வை, பின்னால் வருகிற புது ஆளுக்கு அடையாளமாக இருக்கும் என்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தனக்குப் பின்னால் வருகிறவனைப் பற்றி யோசிக்கச் சொல்கிறான்.

அந்த நூல் சொல்லும் நவிரமலைதான் இன்றைய பர்வதமலை என்பது ஆய்வாளர்கள் கருத்து. இன்று அங்கே பௌர்ணமி இரவில் செல்போன் வெளிச்சத்தில் ஏறுகிறார்கள். கடப்பாறைப் படியிலும் இரும்பு ஏணியிலும் மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் முட்டிக்கொள்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மலையிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள் காட்டாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போன யாரும் புல்லை முடிந்து வைக்கவில்லை. அரசும் முடிந்து வைக்கவில்லை.

ஆகவே, முன்னோர் பெருமையை மேடையில் பேசுகிறவர்களே, தயவுசெய்து முன்னோர் செய்ததைச் செய்யுங்கள். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஊர் தாங்கும் எண்ணிக்கை எவ்வளவு என்று மூன்று மாதம் முன்பே அறிவியுங்கள். அந்த அளவுக்கு மட்டும் சிறப்பு பஸ்ஸும் ரயிலும் விடுங்கள். மழை எச்சரிக்கை வந்த நாளில் பர்வதமலை அடிவாரத்தைப் பூட்டுங்கள். அண்ணாமலைச் சரிவில் இனி ஒரு செங்கல்லும் ஏறக்கூடாது. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஊருக்குள், அவர்கள் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கொடுத்து, சாவியைக் கையில் கொடுத்த பிறகு இடமாற்றுங்கள். புல்டோசர் முதலில், வீடு பிறகு என்ற வழக்கமான வரிசை வேண்டாம்.

அரசு செய்கிறபோது செய்யட்டும். நீங்கள் ஒன்று செய்யலாம். கிரிவலத்துக்குப் பௌர்ணமிதான் வேண்டும் என்று கட்டாயம் எதுவுமில்லை. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பலன் உண்டு என்று நம்பிக்கை உள்ளவர்களே சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மலையும் அதேதான், எட்டு லிங்கமும் அதேதான். பாட்டி உட்கார்ந்து இளைப்பாற இடம் இருக்கும். கையில் தண்ணீர் பாட்டில், பையில் மாத்திரை, ராத்திரி தங்க ஒரு ரூம்.

பெருவுக்குப் போக ஆறு மாதம் திட்டம் போடுகிறவர், அண்ணாமலைக்கு ஆறு நாள் போடலாமே?