பாறைக்குள் ஒரு குதிர்

குதிர் நிறைந்திருக்கும் வீட்டில் அடைமழைக் காலத்திலும் உலை கொதிக்கும். நாடும் ஒரு பெருங்குடும்பமே அன்றோ! நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறது. கடல் வழியில் போர் மூண்டால் என் செய்வது?

இக்கேள்வியை உலகுக்கு உணர்த்தியது 1973-ஆம் ஆண்டு. இஸ்ரேலை ஆதரித்த அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மறுத்தன. சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மறு ஆண்டே தொழில் வளமிக்க நாடுகள் கூடிச் சர்வதேச எரிசக்தி முகமையை நிறுவின. 90 நாள் இறக்குமதிக்கு ஈடான எண்ணெயைக் கையிருப்பில் வைப்பது அதன் உறுப்பு நாடுகளின் கடமை.

நம் அரசாங்கமும் பாறையைக் குடைந்து நிலவறைகள் அமைத்தது. விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூரில் 15 லட்சம், கர்நாடகத்துப் பாதூரில் 25 லட்சம் டன் கொள்ளும். எண்ணெய் கசியாதோ என அன்பர்கள் ஐயுறலாம். சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தினும் மிகுந்திருக்குமாறு செய்துள்ளனர். ஆதலின் வெடிப்புகளின் வழியே நீர்தான் உள்ளே கசியும், எண்ணெய் வெளியேறாது. அடியில் தங்கும் நீரை இறைத்துவிடுவர். 2020-இல் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோது இவ்வறைகளை நிரப்பியது நல்ல குடித்தனம்.

ஆயினும், 2019-20-ஆம் ஆண்டின் நுகர்வுப்படி இம்மூன்றும் நிரம்பியிருந்தாலும் ஒன்பதரை நாளுக்கே போதும். எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள் மேலும் 64½ நாளுக்கு ஈடாகும் என்று அரசு கணக்குக் காட்டியது. அவ்விருப்போ அன்றாட வியாபாரத்தில் சுழல்வது. வண்டியில் வரும் சரக்கைக் கிடங்குச் சரக்காகக் கருதலாகாது என்பது இருப்புப்பாதைக் குமாஸ்தாக்களாகிய நமக்குப் பால பாடம். விற்பனைக்கு வைத்த அரிசி வேறு, குதிரில் வைத்த அரிசி வேறு.

ஒடிசாவின் சண்டிக்கோலில் 40 லட்சம் டன்னுக்கும், பாதூரில் மேலும் 25 லட்சம் டன்னுக்கும் புதிய அறைகள் அமைக்க 2021-இல் அனுமதி தரப்பட்டது. வாங்கிய எண்ணெயை வாளா வைத்திருப்பது பணத்தை முடக்குவதாகும் என்பது மெய்யே. ஆனால் டீசல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறும். லாரி வாடகை ஏறினால் அரிசியும் காய்கறியும் ஏறும். மாதச் சம்பளம் மட்டும் ஏறாது. ஊர் விட்டு ஊர் வந்து அளந்து செலவிடும் நம் போன்ற குடும்பங்களே முதலில் வருந்தும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.